வராந்தாவில் பள்ளி வரி

— அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தக் கவருக்குள்ள என்ன இருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.

— காபி ஆறிடும், டுவைட். குடி.

— காபி குடிக்கவா வந்தேன்? சாயந்திரம் பள்ளி வாரியம் மீட்டிங். ஒம்பது பேர்ல நாலு பேர் அந்தப் பக்கம், நாலு பேர் இந்தப் பக்கம். நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறது உங்க கொழுந்தன்.

— தெரியும்.

— என்ன தெரியும்? தீர்மானம் என்னன்னு தெரியுமா? இனிமே பள்ளி வரியைக் கம்ப்யூட்டர்ல கட்டலாம், இல்ல பேங்க்ல கட்டலாம். வசூல்காரர் வீட்டு வாசல்ல வந்து கட்டறது கிடையாது. வெளியில தொங்கற பலகை, இந்த இரும்புப் பெட்டி, அண்ணன் கையில இருக்கற முத்திரை, எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடணும்.

— சரி.

— சரியா? அவ்வளவுதானா?

— வேற என்ன சொல்லச் சொல்றே? எனக்கு ஒண்ணும் தோணல.

— எர்வின்! வா வா. பில்லைக் கொண்டுவந்தியா? தள்ளுபடி ஆகஸ்ட் முப்பத்தொண்ணோட சரி. அப்புறம் வந்து என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

— அண்ணே, நான் எர்வின் இல்ல. டுவைட். உன் கடைசித் தம்பி.

— டுவைட்டு சின்னப் பையன். ஸ்கூல் பஸ்ஸுல போயிருப்பான்.

— விடு, டுவைட். எர்வினாவே இருந்துட்டுப் போ. செத்துப்போன அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நீ என்ன குறைஞ்சா போயிடுவே? ஸ்ட்ரோக் வந்து, வசூல் வேலை என் பேருக்கு மாறினதிலேருந்து யார் வந்தாலும் எர்வின்தான். போன வாரம் பாதிரியாரும் எர்வின்.

— இந்த வெயில்லயும் டை கட்டிவிட்டிருக்கீங்களே அண்ணி. வேர்த்து ஊத்துது பாருங்க.

— நானா கட்டறேன்? வரி மாசம் வந்துட்டா டை இல்லாம வராந்தாவுக்கு வரமாட்டார். ஒரு கையாலயே கட்டிக்கறார். காலையில பாதி நேரம் அதுக்கே போயிடும்.

— சரி, நான் சொல்றதைக் கேளுங்க. மலைமேல புதுசா வீடுங்க வந்திருக்கே, அங்கேருந்து ஜெயிச்சு வந்தவன் ஒருத்தன், பிரென்ட்டுன்னு பேரு. போன மீட்டிங்ல எழுந்து நின்னு கேட்டான். ‘கணக்குப்படி இந்த அம்மாகிட்ட வரி கட்டினது நாலே நாலு பேர். மத்த எல்லாரும் கம்ப்யூட்டர்ல கட்டிட்டாங்க. அப்புறம் ஏன் அந்த வீட்டு வாசல்ல கார் நிறுத்த இடமில்ல?’ன்னான்.

— நல்லாத்தான் கேட்டிருக்கான்.

— கேட்டதோட விட்டானா? ஃபோட்டோ எடுத்து வெச்சிருக்கான். வயசானவங்க வரிசையா வர்றாங்க, கவரைப் பெட்டியில போடறாங்க, அண்ணன் முத்திரை குத்தறார். ‘வரிதான் ஏற்கெனவே கட்டியாச்சே, கவர்ல என்ன? முத்திரைக்குன்னு தனியா காசு பறிக்கறாங்களா?’ன்னு நேராவே கேட்டுட்டான். பத்திரிகைக்காரப் பொண்ணு முன்வரிசையில உக்காந்து எழுதிக்கிட்டிருக்கா.

— எழுதட்டும்.

— அண்ணி, உங்களைத் திருடின்னு சொல்றான்! எனக்குத்தான் கோவம் வருது. உங்களுக்கு வரலையா?

— வரல. பொய் சொல்லல, நிஜமாவே வரல. ஆஸ்பத்திரியிலேருந்து இவரைக் கூட்டிக்கிட்டு வந்த அன்னிக்குக்கூட அழுகை வரல. எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, நான் அவங்களுக்கு சாண்ட்விச் வெட்டிக் குடுத்தேன். மரத்துப்போச்சு, டுவைட். ஊசி போட்ட பல் மாதிரி.

— பெட்டியைத் திறந்து காட்டுங்க. சட்டப்படி நான் கேக்கலாம்.

— இங்க வேணாம்.

— ஏன் வேணாம்? அண்ணனுக்கு என்ன புரியப்போகுது?

— இங்க வேணாம்னு சொன்னேன்.

— யார்ப்பா அது, என் வழியில வண்டியை நிறுத்தினது? டுவைட்டா? உன் காரா அது? கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு வரக் கூடாதா? நான் பின் சீட்டுல எங்க தோட்டத்துச் சுக்கினிக் காய் மூணு போட்டுட்டேன்.

— ஐயோ, யூனிஸ் அக்கா! வீட்டுல ஏற்கெனவே ரொட்டியில சுக்கினி, கேக்குல சுக்கினி. என் பொண்டாட்டி என்னைத் துரத்திடுவா.

— துரத்தினா எங்க வீட்டுக்கு வா, சுக்கினி சூப் வெச்சிருக்கேன். ஆர்லீன், இந்தா, உனக்குத் தக்காளி. என் முட்டி இருக்கே, இந்த மூணு படி ஏறறதுக்குள்ள உயிரை வாங்குது. லமார்! எப்படி இருக்கீங்க? டை ஜோரா இருக்கு.

— பில்லைக் கொண்டுவந்தீங்களா?

— கொண்டுவராம வருவேனா? இந்தாங்க பில்லு. இந்தாங்க கவரு.

— கவரை ஒட்டினீங்களா?

— நல்லா எச்சில் பண்ணி ஒட்டியிருக்கேன்.

— தள்ளுபடியோட கட்டறீங்க. புத்திசாலி. தள்ளி நில்லுங்க, குத்தப்போறேன்.

— அடேயப்பா, என்ன சத்தம்! மேசையே ஆடுது. பாரு ஆர்லீன், ஒரு இம்மி கோணல் இல்ல. ‘செலுத்தப்பட்டது’ன்னு நட்டநடுவுல விழுந்திருக்கு.

— கோணலா விழுந்தா ஜனங்க கவலைப்படுவாங்க. பத்திரமா வெச்சுக்கோங்க. கவரை இப்படிக் குடுங்க, பெட்டியில போடறேன்.

— அதை நான் போடறேன், அண்ணே. என்கிட்ட குடு. யூனிஸ் அக்கா, கொஞ்சம் சமையல்கட்டுக்கு வாங்க. அண்ணி, நீங்களும்.

— அது வாரியத்துச் சொத்து, எர்வின். தொலைச்சுடாதே.

— தொலைக்கமாட்டேன், அண்ணே. இதோ ரெண்டு நிமிஷம்.

— மெதுவா பேசு, டுவைட். ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் அவர் நாற்காலி.

— ஜன்னலைச் சாத்திட்டா ஆச்சு. என்ன இது, அசையவே மாட்டேங்குது?

— பெயிண்ட் அடிச்சப்போ ஒட்டிக்கிச்சு. பாதி திறந்தபடியே நிக்கும். அதான் மெதுவாங்கறேன்.

— யூனிஸ் அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க வரியை உங்க பையன் ஜூலையிலயே கட்டிட்டான். தவணையில கட்டறான். தவணை வேணும்னா கம்ப்யூட்டர்லதான் கட்டணும்னு நாங்கதானே விதி போட்டோம். அப்போ இந்தக் கவர்ல எவ்வளவு இருக்கு?

— பிரிச்சுப் பாரேன்.

— யூனிஸ், வேணாம்.

— பிரிக்கட்டும், ஆர்லீன். ஊர்ல உன்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு எனக்கும் காதுல விழுது. நீ வாயைத் திறக்கமாட்டே. கிழி டுவைட், கிழி.

— இது... இது என்ன? கோழி சூப் கூப்பனா? ரெண்டு டப்பா வாங்கினா ஒண்ணு இலவசமா?

— கையில கிடைச்சதை வெச்சேன். காலியா குடுத்தா லேசா இருக்கும், அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். ஷ்ராக் வீட்டுல சர்ச் நோட்டீஸை மடிச்சு வைப்பாங்க. தீயணைப்பு நிலையத்து ஆளுங்க பான்கேக் விருந்து டிக்கெட் வைப்பாங்க. ஒரு மகராசி விதைப் பொட்டலம் வெச்சிருந்தா.

— எனக்கு ஒண்ணும் புரியல. எதுக்கு இதெல்லாம்?

— நீ சொல்லு ஆர்லீன். நான் சொன்னா அழுதுடுவேன்.

— நீங்க கம்ப்யூட்டர்ல கட்டலாம்னு சொன்ன முதல் வருஷம், டுவைட். ஜூலை ஒண்ணாந்தேதி இவர் டை கட்டிக்கிட்டு வராந்தாவுல வந்து உக்காந்தார். மேசை, பெட்டி, முத்திரை, எல்லாம் தயார். ஒருத்தரும் வரல. மறுநாளும் வரல. மாசம் முழுக்க அப்படியே உக்காந்திருந்தார். ஒரு வண்டி ரோட்டுல மெதுவா போனா முத்திரையைக் கையில எடுப்பார். அது போனதும் கீழ வெச்சுடுவார். அப்புறம் சாப்பாட்டை நிறுத்திட்டார்.

— எனக்கு ஏன் சொல்லல?

— சொல்லி? நீ என்ன பண்ணியிருப்பே? ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் தவணை வேணாம்னு சொல்ல முடியுமா? அவங்கவங்க கஷ்டம் அவங்கவங்களுக்கு.

— நான் ஒருநாள் பீச் பழம் குடுக்க வந்தேன், டுவைட். அந்த மனுஷன் என் கையையே பார்த்தார். பில்லு இருக்கான்னு. வீட்டுக்குப் போய், கட்டி முடிச்ச பில்லையே எடுத்துக்கிட்டு வந்து, ‘குத்துங்க லமார்’னேன். அன்னிக்கு ராத்திரி ரெண்டு தட்டு சாப்பிட்டாராம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல நாலு பேர்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்.

— மொத்த ஊருமா?

— மலைமேல இருக்கறவங்களைத் தவிர. அவங்களுக்கு யாரு சொல்வா?

— அண்ணி, இது போதும்! சாயந்திரம் இந்தக் கூப்பனைத் தூக்கிக் காட்டறேன். அந்த பிரென்ட் மூஞ்சியை எங்க வெச்சுப்பான்னு பார்க்கறேன்.

— காட்டக் கூடாது.

— ஏன்?

— நீ சொன்னா பத்திரிகையில வரும். தினம் காலையில நான்தான் அதை அவருக்குப் படிச்சுக் காட்டறேன். நான் மறைச்சாலும் முடி வெட்டறவன் சொல்வான், பிசியோவுக்கு வர்ற பொண்ணு சொல்வா, ‘எவ்வளவு நல்ல ஜனங்க பாருங்க’ன்னு சொல்வா. ஊரே சேர்ந்து தன்னை ஏமாத்தி விளையாட வெச்சுதுன்னு தெரிஞ்சா, அவர் அந்த நாற்காலியில மறுபடி உக்காருவாரா?

— அப்போ உங்க பேரு?

— என் பேரை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? திருடின்னா திருடி. நீ அந்தப் பக்கமே ஓட்டுப் போட்டுடு. பலகையைக் கழட்டிக்கிட்டுப் போகட்டும். முத்திரையை மட்டும் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேன்.

— அதுக்கும் உங்களைத்தான் கேப்பாங்க. போலீஸ் வரைக்கும் போகும், அண்ணி. நான் சொல்றதைக் கேளுங்க...

— கேட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் தோணல டுவைட். பயம்கூட வரல. பீட்ரூட் கருகுது, அடுப்பை அணைக்கணும்.

— ஆர்லீன், இப்படிப் பேசாதடி. உன் கை ஜில்லுனு இருக்கு.

— காலையிலேருந்து அப்படித்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க. மூணு பேரும் இங்கேயே நின்னா அவர் தேடுவார்.

— சரி. அண்ணே, நான் கிளம்பறேன். மீட்டிங்குக்கு நேரமாயிடும்.

— மீட்டிங் ஏழு மணிக்கு. இப்போ பத்துகூட ஆகல. உக்காரு, டுவைட்.

— என்ன சொன்னே?

— உக்காருன்னேன். ஆர்லீனையும் கூப்பிடு. யூனிஸ், நீங்க நழுவாதீங்க. சூப் கூப்பன்தானே இந்தத் தடவையும்? போன வருஷம் வெச்சது தேதி முடிஞ்சது. ஒரு டாலர் எனக்கு நஷ்டம்.

— ஐயோ, லமார்!

— அண்ணே, நீ... உனக்கு எப்போலேருந்து...?

— பெட்டிச் சாவியை இருபத்தெட்டு வருஷமா மாட்டற ஆணியிலதான் இவ மாட்டறா. இவ கோழிக்குத் தீனி போடப் போறப்போ திறந்து பார்ப்பேன். முதல் வருஷமே பார்த்துட்டேன். அந்த விதைப் பொட்டலத்தைத்தான் வேலியோரமா ஊனினேன். இவ எதுவோ தானா முளைச்சுதுன்னு நினைச்சா.

— லமார், யாரு வந்தாலும் எர்வின்னியே. அதெல்லாம்?

— அது நிஜம், ஆர்லீன். பேரு வரமாட்டேங்குது. சில நாள் வருது, சில நாள் போயிடுது. இன்னிக்கு வந்திருக்கு. அதுக்குள்ள சொல்லிடறேன். டுவைட், சாயந்திரம் போய் உள்ளதை உள்ளபடி சொல்லு. கூப்பனைக் காட்டு. என் பொண்டாட்டியை ஒருத்தன் திருடின்னு சொல்லக் கூடாது.

— சொல்றேன், அண்ணே.

— அப்புறம் ஏன் லமார்? எல்லாம் தெரிஞ்சும் ஏன் தினம் அந்த டையைக் கட்டிக்கிட்டு, ஒரு கையால குத்திக்கிட்டு உக்காந்திருந்தே?

— அந்த முதல் ஜூலை மாசம் முழுக்க இந்த வீட்டுல நீ வாயே திறக்கல, ஆர்லீன். நான் குத்தறதை நிறுத்திட்டா உன்கூடப் பேச யாரு வருவா?