சோதனைக்கு ஒரு ஆள்

– ஆள் இல்லாம சோதனை பண்ணவே முடியாதா, இன்ஜினியர் சார்?

– முடியாதுண்ணே. எரியும்போது வர்ற புகையைத்தான் அளக்கணும். காலி உலையில எதை அளக்கறது?

– நானும் இந்தச் சுடுகாட்டுல இத்தனை வருஷமா உலை பாக்குறேன். ஒருத்தராவது வர மாட்டாங்களான்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்தது இன்னைக்குத்தான்.

– மின்மயானம்னு சொல்லுங்க. போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு.

– போர்டைப் பாத்தா வரப் போறாங்க? மூணு நாளா ஊர்ல எல்லாருக்கும் அப்படி ஒரு ஆரோக்கியம்.

– இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள புகை அடங்கிடுச்சுன்னு காட்டலைன்னா, நகராட்சி அதிகாரி உலைக்கு சீல் வச்சிடுவாரு. நான் புதுசா மாட்டின புகை மெஷின், உங்க வேலை ரெண்டும் போச்சு.

– விறகை வச்சுக் கொளுத்திக் காட்டினா?

– கேட்டுட்டேன். “விறகுப் புகைக்கு யாரும் புகார் கொடுக்கலையே”ன்னாரு.

– எல்லாம் அந்த எதிர்வீட்டு ஐயாவோட வேலை. வாரம் தவறாம ஒரு புகார். ஒரு தடவை புகை எந்தப் பக்கம் வளையுதுன்னு படமே வரைஞ்சு அனுப்பினாரு. சும்மா சொல்லக்கூடாது, நல்லா வரைஞ்சிருந்தாரு. சிம்னிக்கு நிழல்கூடப் போட்டிருந்தாரு.

– அந்த மாடி வீடா? ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கே.

– திறந்திருக்கா? நான் பாத்ததே இல்லையே! இண்டு இடுக்கெல்லாம் துணியைத் திணிச்சு அடைச்சு வச்சிருப்பாரு. உலை எரியலைன்னதும் காத்து வாங்குறாரு போல.

– இனிமே தினமும் வாங்கட்டும். உலையில வர்ற புகை அடுத்த அறைக்குப் போய் மறுபடி எரியும். அப்புறம் தண்ணிச் சாரல்ல நனையும். மிச்சம் மீதி தூசு வடிகட்டியில நின்னுடும். சிம்னிக்கு வெறும் சூடான காத்துதான் போகும்.

– இங்க வர்றவங்களைக் குளிப்பாட்டித்தான் கொண்டு வர்றாங்க. இப்போ அவங்க புகைக்கும் ஒரு குளியலா?

– அப்படியே வச்சுக்கங்க. ஆஸ்பத்திரியில விசாரிச்சீங்களா?

– விசாரிச்சேன். எல்லாரும் நல்லாத் தேறிக்கிட்டு வர்றாங்களாம். நர்ஸம்மா சந்தோஷமாச் சொல்லுச்சு. எனக்கும் ரொம்ப சந்தோஷம்னு சொல்லி போனை வச்சுட்டேன்.

– உலை சூடாகவே ஒரு மணி நேரம் வேணும்ணே.

– சார், வாசல்ல பாருங்க. எதிர்வீட்டு ஐயாவேதான். நீங்க பேசுங்க. அவர் குரலைக் கேட்டாலே எனக்குக் காது அடைச்சுக்கும்.

– வாங்க சார். இன்னும் எதையும் பத்த வைக்கலை. புகாருக்கு இடமே இல்லை.

– புகார் கொடுக்க வரலை தம்பி. இன்னைக்கு உலை வேலை செய்யுமா?

– செய்யும் சார். ஆனா…

– ஆள் இல்லாமத் தவிக்கறோம் ஐயா. எல்லாம் உங்க புண்ணியம்.

– எத்தனை மணிக்குக் கொண்டு வரலாம்?

– யாரை சார்?

– என் வீட்டுக்காரியை. காலையில போயிட்டா.

– ஐயா… வீட்டுல அம்மா இருந்தாங்களா? நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லையே.

– வெளியே வர மாட்டா. ஜன்னல்கிட்டகூட வர மாட்டா.

– ஏதோ வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க. வேற மயானம்தான் வேணும்னா வண்டிக்கு நானே சொல்றேன் ஐயா.

– எதுக்கு? இங்கதான் பக்கம்.

– நாலு மணிக்குக் கொண்டு வாங்க சார். ஒரு விஷயம்… அதிகாரி வருவாரு. சிம்னியில கருவி வச்சு அளப்போம். உங்களுக்கு ஒண்ணும்…

– நல்லா அளங்க. உங்க மெஷின் ஒழுங்கா வேலை செய்யுமில்ல?

– துளிப் புகை வராது சார். வந்தா முதல் புகாரை என் பேர்லயே கொடுங்க.

– புகாரெல்லாம் இனிமே எதுக்கு? கொஞ்சம் பாத்துச் செய்ங்க தம்பி. அவளுக்குப் புகை ஆகாது.