முப்பது ஏரிகள் வற்றிய காலை

— “அம்மா, ஏரி இவ்வளவு பெருசாச்சே, அதுக்குப் பெரிய பட்டன்தானே வேணும்?” என் பொண்ணு ஹில்லா நாலு வயசுல இப்படிக் கேட்டா. அதனாலதான் வெய்க்கா, நம்ம விளையாட்டுக்கு லெவல் வரையும்போது, கீபோர்டுலயே பெருசான ஸ்பேஸ் பட்டனைத் தட்டினா ஏரி.

— சைமி அக்கா, அப்போ லெவல் ஃபைல்ல வெறும் இடமா கிடக்கே, அதெல்லாம்…

— தண்ணி. கூட்டல் குறி போட்டா பாறை, புள்ளி வெச்சா புல்லு, ஒண்ணும் எழுதாம விட்டா தண்ணி. எதுக்கு இப்படி முகம் வெளுக்குது உனக்கு?

— நேத்து சாயங்காலம் முப்பது ஃபைலையும் சுத்தம் பண்ணேன்.

— என்னது, சுத்தமா?

— வரிக் கடைசியில சும்மா ஸ்பேஸ் நின்னா எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும் அக்கா. சேவ் பண்ணும்போதே அதை வெட்டிடற மாதிரி எடிட்டர்ல போட்டு வெச்சிருக்கேன். புரோகிராம் எழுதற எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான்…

— அடப்பாவி! எல்லா லெவல்லயும் ஏரி வலது ஓரத்துலதானேடா இருக்கு! வெளியில இப்பத்தான் பனி உருகி நிஜ ஏரி கண்ணுக்குத் தெரியுது. அதுக்குள்ள பின்லாந்துல முப்பது ஏரியை ஒரே அமுக்குல வத்த வெச்சுட்டியே!

— அதான் நம்ம விளையாட்டு ஹீரோ முள்ளம்பன்றி நீந்தப் போனா உலகத்தை விட்டே விழுதா? அதுக்குத் தலைசுத்தல்னு நினைச்சேன்.

— சிரிக்க வைக்காதே! மணி என்ன?

— பதினொண்ணு. பன்னிரண்டுக்கு நூலகத்துல ரெண்டாம் வகுப்புப் பிள்ளைங்க நாப்பது பேர் விளையாட வராங்க. நம்ம முதலாளி அவுலிக்கியும் வராங்க. என்னை வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு இன்னிக்குத்தான் முடிவு பண்றாங்க அக்கா.

— பழைய நகல் இருக்குமே?

— அதையும் சுத்தம் பண்ணிட்டேன்.

— ஏண்டா!

— ஒண்ணை மட்டும் விட்டா அரிக்குமே…

— அட கடவுளே! சரி, அரிப்புக்காரா, யோசி. ஒரு வரிக்கு எத்தனை எழுத்து?

— நாப்பது. எல்லா லெவல்லயும் நாப்பது.

— அப்போ நாப்பதுக்கு எத்தனை குறையுதோ அத்தனையும் தண்ணிதானே?

— அக்கா! நாலு வரியில ஒரு குட்டி புரோகிராம் போதும்! குறையற இடத்தையெல்லாம் ஸ்பேஸால ரொப்பிடும்… இருங்க… இதோ… ஓட்டிட்டேன்! முப்பதும் ரொம்பிடுச்சு!

— ஏழாவதைத் திறந்து காட்டு.

— பாருங்க, சரியா நாப்பது. அழகா இருக்கு. சேவ் பண்ணிக்கிறேன்…

— கையை எடுடா!

— ஐயோ. மறுபடியும் வத்திடுச்சு.

— உன் ரெண்டு கையையும் கட்டிப்போட்டு சோறு ஊட்டணும்! முதல்ல அந்த வெட்டற வேலையை எடிட்டர்ல நிறுத்து.

— நிறுத்தியாச்சு. திரும்ப ஓட்டியாச்சு. விளையாடிப் பாக்கறேன்… நீந்துது! அக்கா, நீந்துது! மல்லாந்து நீந்துது!

— மல்லாந்தா?

— அது ஆரம்பத்துலருந்தே அப்படித்தான். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்.

— கடவுள் காப்பாத்தினார். பென்டிரைவ்ல ஏத்திக்கிட்டு ஓடு. ஏலக்காய் ரொட்டி ஒண்ணை வாயில கவ்விக்கோ, காலையிலருந்து நீ ஒண்ணும் சாப்பிடல.

— அக்கா, முதலாளி படிக்கற வேலைக் குறிப்புல கோளாறுக்கு யார் பொறுப்புன்னு எழுதணுமே. உள்ளதை எழுதுங்க. என் பேரையே போடுங்க.

— உள்ளதைத்தான் எழுதுவேன். சைக்கிளை எடு, கிளம்பு!

— பறந்துட்டேன்!

— …கதவைக்கூடச் சாத்தல பிள்ளை. சரி, எழுதுவோம். “கோளாறு: ஏரிகளைக் காணோம். காரணம்: வெறும் இடத்தை ஏரின்னு வெச்ச என் யோசனை. பொறுப்பு: சைமி. சரிசெஞ்சது: வெய்க்கா, இருபதே நிமிஷத்துல.” இதுல ஒரு பொய்யும் இல்ல, ஆண்டவரே, நீங்க ஒருத்தர் பாத்தா போதும். ஹில்லா காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கிடந்த வாரம், என் பேர்ல நாலு லெவல் வரைஞ்சு வெச்சவன் இவன்; இன்னி வரைக்கும் அதைப் பத்தி வாயைத் திறக்கல. நானும் திறக்கப் போறதில்ல.