மணிக்கட்டைத் தூக்கச் சொல்லாத குற்றம்

என் எலும்பை ஒட்டவைத்தார்கள். ஒட்டுவதற்கு முன், "மணிக்கட்டைத் தூக்கு" என்று ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இழைக்கப்பட்ட அநீதி!

தலைமை ஏற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, கத்தி பிடித்த கைகளே, கட்டுப் போட்ட கைகளே, காத்திருந்து கால் கடுத்த தாய்மார்களே! குணமானவன் நன்றி சொல்வான் என்று நம்பி என்னிடம் மைக்கைக் கொடுத்துவிட்டீர்கள். தையல்காரனிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தால் வெட்டாமல் விடுவானா?

என் தையல் கடைப் படியில் சறுக்கினேன். வலது மேற்கை எலும்பு இரண்டானது. வார்டில் என் பெயரைக் கேட்டார்கள், ஆறு முறை. கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார்கள், ஏழு முறை. எந்தக் கை என்று மறக்காமலிருக்க மையால் அம்பு வரைந்தார்கள். விரல்வரை சுற்றிய கட்டைத் தளர்த்தி, "மணிக்கட்டைத் தூக்குங்க பெரியவரே" என்று கேட்டவர் உண்டா? இல்லை!

தகடு வைத்தார்கள், எட்டுத் திருகாணி முடுக்கினார்கள். தையலோ அருமை, தொழில்காரன் சொல்கிறேன்! மறுநாள் பார்த்தால் மணிக்கட்டு வாடிய கீரைத்தண்டாய்த் தொங்குகிறது.

"விழுந்தப்பவே நரம்பு அடிபட்டிருக்கும்" என்றார் அறுவை மருத்துவர்.

"ஆபரேஷன்ல இழுபட்டிருக்கலாம்" என்றார் இயன்முறை மருத்துவர்.

"நீங்க வாயைத் தவிர எதைத் தூக்கியிருக்கீங்க?" என்றாள் என் மனைவி.

எது உண்மை? எவருக்கும் தெரியாது! நூலகத்தில் உட்கார்ந்து நானே படித்தேன். பொத்தானடியில் சுற்றும் நூல்போல அந்த எலும்பைச் சுற்றி ஒரு நரம்பு ஓடுகிறது. மணிக்கட்டை நிமிர்த்துவது அதுதான். ஆபரேஷனுக்கு முன்பே மணிக்கட்டு நிமிர்கிறதா என்று பார்த்து எழுதியிருந்தால் ஒரே வரியில் தீர்ந்திருக்கும் வழக்கு!

என்ன ஐயா, பின்வரிசையில்? "கைதான் வந்துடுச்சே, விடுங்க"வா? வந்தது, ஐந்து மாதம் கழித்து! அதுவரை கத்தரிக்கோலைத் திறக்க விரல் விரியவில்லை. நாற்பது வருடத் தொழில் மீளுமா, மீளாதா என்று கிடந்தேனே, அதை விடவா?

விடமாட்டேன். கட்டுப் போடும் செவிலியர் முதலில் மணிக்கட்டைத் தூக்கச் சொல்ல வேண்டும். அறுவை மருத்துவர் தாமே பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த வரி இல்லாமல் மயக்க மருத்துவர் ஊசியைத் தொடக் கூடாது. தலைமை மருத்துவர் இதை அறுவைக்கூடக் கதவில் ஒட்ட வேண்டும், நாளைக்கே! ஒருவரும் கேட்காவிட்டால் நோயாளியே தூக்கிக் காட்ட வேண்டும்.

கைகூப்ப மணிக்கட்டு நிமிர வேண்டும். இதோ, என்னுடையது நிமிர்கிறது. பொறுமையாய்க் கேட்டதற்கு நன்றி, வணக்கம். எங்கே, நீங்களும் கூப்புங்கள், பார்க்கிறேன்!