தாய்ப்பாசி

— மூணு தொட்டியும் வெளுத்துப் போச்சு மச்சான். நேத்து சாயங்காலம் கரும்பச்சையா இருந்துச்சு. பாசி மொத்தமும் செத்துக் கிடக்கு.

— முதல்ல உட்காரு மாப்ள. உனக்கு மூச்சு வாங்குது.

— கிட்டப் போனாலே குளோரின் நாத்தம் அடிக்குது. எவனோ ராத்திரி கொட்டியிருக்கான். போலீசுக்குப் போவோம், வாங்க.

— எவனோ இல்ல. நான்தான் கொட்டச் சொன்னேன்.

— விளையாடாதீங்க மச்சான்.

— ஆறு பெட்ரோல் பங்க்கை வச்சுக்கிட்டு எனக்கு விளையாட ஏது நேரம்? தண்ணி குடி.

— நேத்துதானே கணக்கு ஒத்து வந்துச்சு. பாசியில இருந்து எடுக்கிற எண்ணெய் உங்க பங்க் டீசலைவிட மலிவா வருது. இத்தனை வருஷமா இதுக்குத்தானே பணம் போட்டீங்க?

— அங்கதான் தப்பாப் புரிஞ்சுக்கிட்ட. நீ கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கிட்டு இருந்தே. எவனாவது ஒரு கிறுக்கன் நம்பிப் பணம் போட்டு, நீ ஜெயிச்சுத் தொலைச்சா? அதான் நானே போட்டேன். உன்னை என் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டேன். நீயும் வருஷா வருஷம் லட்சணமா தோத்துக்கிட்டு இருந்தே. உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல.

— தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்கலையா நீங்க?

— பார்த்ததாலதான் நேர்ல உட்கார வச்சுச் சொல்றேன். லேப்ல பாசி வச்சிருந்த பாட்டிலையும் கீழ ஊத்தியாச்சு. அங்க போய்த் தேடாத.

— ஊத்திக்கோங்க. தாய்ப்பாசி என்கிட்ட பத்திரமா இருக்கு. விரல் நீளக் குப்பி, அது போதும். அதுல இருந்து எத்தனை தொட்டி வேணா நிரப்புவேன். உங்க பணமே வேண்டாம், வேற ஆளைப் பார்த்துக்கிறேன்.

— வீட்டு ஃப்ரிட்ஜ்ல, முட்டைத் தட்டுக்குப் பின்னாடி இருந்ததைச் சொல்றியா?

— அது எப்படி உங்களுக்கு... அந்த இடம் என் பொண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும்.

— நேத்து கணக்கு ஒத்து வந்ததும் முதல்ல யார்கிட்ட சொன்னே?

— அவகிட்டதான். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா மச்சான். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

— அது சந்தோஷம் இல்ல மாப்ள. ஆறு பங்க்ல மூணு அவ பேர்ல இருக்கு. இப்பதான் போன் பண்ணினா. குப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவுத்துட்டாளாம். மத்தியானம் நம்ம ரெண்டு பேரையும் சாப்பிட வரச் சொன்னா.