ஆறு காருக்கு ஆறு கலரு

— அந்த டப்பாவ கீழ வையுங்க பாய். அது இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டு. இந்தப் பொம்மக் காருல அடிச்சீங்கன்னா பிளாஸ்டிக்கு இளகி, கொழுக்கட்ட மாவு மாதிரி கையில ஒட்டும்.

— எனக்கு என்னம்மா தெரியும்? நான் தையக்காரன். நூலு கலருன்னா தூக்கத்துலகூட சொல்லுவேன். இந்த ஸ்ப்ரே டப்பாவ இன்னிக்குத்தான் கையில புடிக்கிறேன். கிறிஸ்துதாஸ் அண்ணன் பெயிண்ட்டுக் கடையில கேளு, அவரு சொல்லிக் குடுப்பாருன்னாங்க. அண்ணன் இல்லியா?

— அவருக்கு ஒடம்பு சரியில்ல பாய், கடைக்கே வர்றதில்ல. நான் அவரு சம்சாரம், அந்தோணிமேரி. என்னையே கேளுங்க. அவரு கார் பம்பரு அடிக்கிறதப் பாத்துப் பாத்து எனக்கும் பாதி தெரியும்.

— என் பேரு அன்வருதீன்மா. முல்லா வீதியில கட வச்சிருக்கேன்.

— பை பெருசா இருக்குதே. உள்ள எத்தன காரு?

— ஆறு. எல்லாம் ஒரே மாடலு. பாகம் பாகமா பொட்டியில வருது, நாமதான் ஒட்டிக்கணும். எம் பொண்ணு ரூமானா உக்காந்து ஒட்டுனா. பாருங்க, எல்லாம் வெறும் பிளாஸ்டிக்கு, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போய் நிக்கிது. ஆறுக்கும் ஆறு கலரு அடிக்கணும்.

— ஒரே காரு, ஆறு கலரா? பேரப்புள்ளைங்க சண்ட போட்டுக்குதா?

— அதெல்லாம் இல்லம்மா. நீங்க சொல்லுங்க, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

— மொதல்ல சோப்புத் தண்ணியில நல்லா கழுவுங்க. அச்சுல ஒட்டாம இருக்க எண்ணெ மாதிரி ஒண்ணு தடவுவாங்க, அது மேலயே நிக்கும். காஞ்சதும் வாட்டர் பேப்பரு, அதான் உப்புத்தாளு, அதால லேசா ஒரு தேய். அழுத்தக் கூடாது, கொழந்த கன்னத்தத் தடவுற மாதிரி. அப்புறம் இந்தா, பிளாஸ்டிக் பிரைமர். இது இல்லாம எது அடிச்சாலும் நகம் பட்டா தோலா உரிஞ்சிடும்.

— உரியக் கூடாதும்மா. அவ கையில வச்சித் தடவித் தடவிப் பாப்பா.

— யாரு?

— எங்க வீட்ல.

— அப்ப மேல கிளியரு, அந்தக் கலரில்லாத பூச்சு, அதுவும் ஒரு கோட்டு குடுத்துடுங்க. நல்லாக் காத்தாட வச்சி, வாட போன பெறவு கையில குடுங்க.

— சட்டுனு காயற மாதிரி எதுவும் இல்லியா?

— அவசரப்பட்டீங்க, கெட்டுது. நம்மூரு கடக்காத்து பாய். ஈரத்துல அடிச்சா பெயிண்ட்டு பூத்துப் போவும், கண்ணாடியில மூச்சு வுட்ட மாதிரி. வெயிலு ஏறட்டும். டப்பாவ நல்லா குலுக்கி, ஒரு முழம் தள்ளிப் புடிச்சி, கை ஓடிகினே இருக்கணும். நின்னா வழிஞ்சிடும். மெலிசு மெலிசா மூணு தபா. அதுக்கும் முன்னாடி ஐஸ்கிரீம் ஸ்பூன் ஒண்ணு மேல அடிச்சிப் பாருங்க. எங்க வீட்டுக்காரரு ஸ்பூன்ல பாக்காம எதுலயும் கை வைக்க மாட்டாரு.

— சரி, ஸ்பூன்ல பாத்துக்கறேன். மூடியில இருக்குற கலருதானே உள்ளயும் வரும்?

— மூடிய நம்பாதீங்க. மூடி ஒரு கலரு காட்டும், உள்ள வேற வரும்.

— மாறக் கூடாதும்மா. ரோட்டுல ஓடுற காரு எப்பிடி இருக்குதோ அச்சு அசலா அப்பிடியே வரணும். துளி மாறினாலும் அவ கொழம்பிடுவா.

— தப்பா எடுத்துக்காதீங்க பாய். உங்க வீட்டம்மாவுக்கு எதுக்கு ஆறு பொம்மக் காரு?

— அவள ஒரு காரு அடிச்சிட்டுப் போயிடுச்சும்மா.

— மாதாவே!

— நிக்கவே இல்ல. கதிர்காமம் ஆசுபத்திரியில படுத்துருக்கா. தலயில அடி. உசுரு இருக்குது, கண்ணத் தெறந்து பாக்குறா, சொன்னா புரிஞ்சிக்கிறா. பேச்சுதான் போச்சு. என்ன கேட்டாலும் ‘சாவி’ங்குறா. பசிக்குதான்னா சாவி. வலிக்குதான்னா சாவி. என்னக் கூப்புடறதும் சாவிதான். சொல்லிட்டு, தப்பா வந்துடுச்சேன்னு அவளே அழுவுறா.

— பேரு என்ன பாய் அவங்களுக்கு?

— நஜீமா.

— பேச்சு திரும்பி வரும்னு சொல்றாங்களா?

— வரலாம்ங்குறாங்க. வராமலும் போவலாம்ங்குறாங்க. பேச்சுப் பயிற்சி குடுக்க ஒரு பொண்ணு வருது, அதுதான் சொன்னுச்சு, படத்த வுட கையில புடிக்கிற சாமானு மனசுல சீக்கிரம் ஏறும்னு. போன்ல கார் படமாக் காட்டுனேன், தள்ளி வுட்டுட்டா. இந்தப் பொம்மய வச்சேன் பாருங்க, ரெண்டு கையாலயும் புடிச்சிகினு நடுங்க ஆரம்பிச்சிட்டா. வெரலால மேல தேச்சித் தேச்சிப் பாத்தா. இப்பிடி இல்ல, இப்பிடி இல்லன்னு தல மட்டும் ஆடுது. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, அவளுக்குக் கலரு ஞாபகம் இருக்குது. சொல்லத்தான் வார்த்த இல்ல.

— போலீசு என்ன சொல்றாங்க?

— போயிகினேதான் இருக்கேன். அங்க கேமரா கெடையாது. ஒரு லைட்டு ஒடசலு கெடந்துச்சு, அத மெக்கானிக்கு பாத்து இந்த மாடலுன்னு சொல்லிட்டாரு. ஆனா இந்த மாடலு ஆறு கலருல எக்கச்சக்கமா ஓடுது, கலராவது தெரிஞ்சாத்தான் தேடலாம்ங்குறாங்க. அவங்கள என்ன சொல்றது? நானும் ரோட்டோரமா நின்னு போற வர்ற காரயெல்லாம் பாத்துகினு நின்னேன். பைத்தியம் மாதிரி. ரூமானா வந்து கையப் புடிச்சி இழுத்துகினு போனா.

— எந்த ரோட்டுல பாய்?

— வில்லியனூரு ரோடு. ரெட்டியார்பாளையம் தாண்டி.

— என்னிக்கு?

— பேய் மழ ஒண்ணு கொட்டுச்சே, ஊரு பூரா கரண்டு இல்லாமக் கெடந்துச்சே, அந்த வெள்ளிக்கெழம. மஹ்ரிப் தொழுவுற நேரம், பொழுது சாஞ்சிகினு இருந்துச்சு. தச்ச ஜாக்கெட்டக் குடுத்துட்டு வந்தா. பஸ்ஸ வுட்டு எறங்கிக் கொடயப் பிரிச்சிருக்கா, அவ்ளோதான்.

— அந்த வெள்ளிக்கெழமயா?

— என்னம்மா, உக்காந்துட்டீங்க? மொகமெல்லாம் வேர்க்குதே.

— ஒண்ணுமில்ல. பெயிண்ட்டு வாட. காலயிலேருந்து இதுக்குள்ளயே நிக்கிறேன். அந்தக் காரக் குடுங்க, பாக்குறேன். இந்த மாடல்தானா பாய்? நல்லாத் தெரியுமா?

— ஒடசலு அப்பிடியே பொருந்துச்சும்மா. முன்னாடி, எடப் பக்கத்து லைட்டு.

— அது... நாயி குறுக்க வந்து, ஒடிச்சித் திருப்புறப்ப கட்டச் செவுத்துல இடிச்சாலும் ஒடையும் பாய். எடப் பக்கந்தான் ஒடையும்.

— ஒடையும்தாம்மா. ஆனா அது நஜீமா செருப்புக்குப் பக்கத்துல கெடந்துச்சு.

— ம்.

— தண்ணி குடிங்கம்மா. என் கஷ்டத்தச் சொல்லி உங்களயும் கலங்க வச்சிட்டேன்.

— வுடுங்க பாய். கலரு சொல்லுங்க, எடுத்துத் தர்றேன். வெள்ள இந்தாங்க. இது வெள்ளி. இது சாம்பலு.

— நீலம் ஒண்ணு. அந்தக் கரு நீலம். அப்புறம் கறுப்பு. ஆச்சா, அஞ்சு. ஆறாவது அந்தச் செவப்பு. பளீர் செவப்பு இல்லம்மா, பீட்ரூட்டு மாதிரி, ஒயின் ரெட்டுங்குறாங்களே, அது.

— அது இல்ல.

— அதோ உங்க பின்னால தட்டுல நிக்கிதே.

— அது பழைய சரக்கு. முனை அடச்சிகினு இருக்கும்.

— குடுங்க, குலுக்கிப் பாப்போம். அட, லேசா இருக்குதே. பாதி தீந்துருக்கா?

— வீட்டுக்கு எடுத்துகினு போனது. மிச்சத்த எங்கிட்டக் குடுத்தனுப்பிட்டாரு.

— வீட்டுல எதுக்கும்மா இந்தக் கலரு?

— ஜன்னலுக்கு.

— பாதி இருந்தாலும் போதும்மா. சின்னப் பொம்மதானே.

— வேணாம் பாய். அது மெட்டாலிக். அடியில வெள்ளி குடுத்து மேல ஏத்தணும், உங்க கைக்கு வராது. திட்டுத் திட்டா நிக்கும்.

— ஸ்பூன்ல அடிச்சிப் பழகிக்கறேன்.

— வேணாம்னு சொல்றேன்ல! வையுங்க அத!

— கோவிச்சிக்காதீங்கம்மா. நான் கேட்டதுல தப்பு இருந்தா மன்னிச்சிக்கங்க.

— கோவமில்ல பாய். என்னவோ படபடன்னு வருது. அஞ்சு போதாதா? அந்த அஞ்சுலயே அவங்க ஒண்ணக் காட்டிட்டாங்கன்னா?

— அதான்மா எனக்குப் பயம். ஆறும் முன்னால இல்லாம, அவ கொழப்பத்துல தப்பான கலரப் புடிச்சிகினான்னா? சம்பந்தமே இல்லாதவன் வீட்டு வாசல்ல போலீசு போயி நிப்பாங்க. அவனுக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கும்ல.

— செஞ்சவருக்கும் இருக்கும் பாய்.

— இருக்கட்டும்மா. இல்லன்னு நான் சொல்லல.

— கண்டுபுடிச்சிட்டா அவர என்ன பண்ணுவீங்க?

— என்ன பண்ணிடப் போறேன்? என்னப் பாருங்க, நான் யாரப் போயி அடிக்க முடியும்? ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எறங்கிப் பாத்தியா, பாக்காமலே போயிட்டியா? அவ்ளோதான். பாத்துட்டுப் போயிருந்தான்னா அப்ப அவ எப்பிடிக் கெடந்தா, கண்ணு தெறந்து இருந்தாளா, என்னக் கூப்புட்டாளா, அத அவன் ஒருத்தன்தான் சொல்ல முடியும். ஒரு பால்காரரு பாத்துத் தூக்கற வரைக்கும் மழயிலயே கெடந்துருக்கா. அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அவளக் கேட்டா சாவிங்குறா.

— பயந்து போயிருக்கலாம் பாய் அவரு.

— பயந்துதான் போயிருப்பான். நானும் பயந்துகினுதான் இருக்கேன், எம் பொண்ணும் பயந்துகினு இருக்கா. படுத்துருக்கறது அவ ஒருத்திதான்.

— இந்தாங்க பாய், வாட்டர் பேப்பரு. இதுக்குக் காசு வேணாம்.

— சரிம்மா, இந்த அஞ்சயும் பையில போடுங்க. பிரைமரும் கிளியரும் மறந்துடாதீங்க. செவப்ப வேற கடையில பாத்துக்கறேன். ஆமா, அண்ணனுக்கு என்ன ஒடம்புக்கு?

— தெரியல பாய். சோறு எறங்கல. கண்ணு மூடறதில்ல. கூப்புட்டா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூட எழுந்து வரல. நான் காய்ச்சலுன்னு நெனச்சிகினு கஷாயம் போட்டுப் போட்டுக் குடுத்துகினு இருந்தேன்.

— எப்பேருந்து இப்பிடி?

— அந்த மழயிலேருந்து.

— நனஞ்சிருப்பாரும்மா. சளி நெஞ்சுல எறங்கியிருக்கும், சும்மா வுடாதீங்க, கதிர்காமத்துக்கே அழச்சிகினு வாங்க. நான் அங்கதானே கெடக்கேன், கூட நிக்கிறேன். அண்ணனுக்கும் சேத்து துவா செய்யறேன். வரட்டுமா?

— வாங்க.

— மொகத்தக் கழுவிகினு செத்த நேரம் வெளிய உக்காருங்கம்மா. வர்றேன்.

— பாய்! அன்வருதீன் பாய்! நில்லுங்க!

— என்னம்மா, எதனா மறந்துட்டேனா?

— அந்தப் பையக் குடுங்க. எல்லா டப்பாவயும் திருப்பி வச்சிடுங்க. எதுவும் வேணாம்.

— ஏம்மா? நான் எதனா தப்பா பேசிட்டேனா?

— நீங்க ஒண்ணும் பேசல. அவங்கள வேற ஒவ்வொண்ணாக் குடுத்து நடுங்க வைக்காதீங்க. வாங்க பாய், கடய மூடறேன். கலரு பாக்கப் பொம்மக் காரு வேணாம். காரே எங்க வீட்டுக் கொல்லயில தார்ப்பாயி போத்தி நிக்கிது.