பட்டை வாசம் ஆகாத வீடு

அக்கா: ...பூரிக்கட்டைய இங்க குடு. நீ தேய்க்கிற லட்சணத்துல பிரெட்டு கிழிஞ்சு போகுது.

தம்பி: நீ மட்டும் தேய்க்கிறியாக்கும்? யாரையோ போட்டு மிதிக்கிற மாதிரி இருக்கு.

அக்கா: ஆமா, மிதிக்கிறேன்! "இன்னைக்கு வர்றவங்களுக்குப் பட்டைன்னா உசுரும்மா"ன்னு ஒரு பட்டைத்தூள் பாக்கெட்ட கொண்டாந்து நீட்டுறாரு உங்கப்பா.

தம்பி: கோபம் வந்தா மட்டும் எங்கப்பா.

அக்கா: அம்மா இருந்தவரைக்கும் பட்டை இந்த வாசப்படி தாண்டியிருக்கா? வாசம் பட்டாலே தலைவலின்னு படுத்துக்குவாங்க. அவங்க போயி ரெண்டு வருஷம்கூட ஆகல... இன்னைக்கு வீடு பூரா பட்டை!

தம்பி: அப்பா தனியா எவ்ளோ நாளு...

அக்கா: நீ பேசாத! வெண்ணெய தடவு.

தம்பி: அந்தம்மாவ கட்டிக்கப் போறேன்னு நம்மகிட்டதான முதல்ல சொன்னாரு?

அக்கா: சொன்னாரு. கேட்டாரா?

தம்பி: வெண்ணெய் இவ்ளோ போதுமா பாரு.

அக்கா: பேச்ச மாத்தாத! கேட்டாரா?

தம்பி: கேக்கல.

அக்கா: அப்புறம் என்ன!

தம்பி: இவ்ளோ ஆத்திரத்த வெச்சிக்கிட்டு, "பட்டை ரோல் நானே செஞ்சு வெக்கிறேன்"னு ஏன் ஒத்துக்கிட்ட?

அக்கா: முதல் தடவை வர்றவங்கள வெறும் வாயோட அனுப்ப முடியுமா...

தம்பி: அடேங்கப்பா! சரி, அந்த சர்க்கரைக் கிண்ணத்த குடு, தூவறேன்.

அக்கா: தொடாத!

தம்பி: பட்டைத்தூள் கலந்துட்டியான்னு ஒரு சிட்டிகை நாக்குல...

அக்கா: கைய ஒடச்சிருவேன். நானே தூவிக்கிறேன். நீ சுருட்டி அடுக்கு.

தம்பி: உன் கோபத்த பாத்தா பெரியப்பா காபிதான் ஞாபகம் வருது.

அக்கா: வேலை போயி உக்காந்திருந்த அப்பாவ நாலு பேரு முன்னால நக்கல் அடிச்சாரு. காபியில ரெண்டு கரண்டி உப்பு போட்டேன். இப்பவும் போடுவேன்!

தம்பி: பெரியப்பா எங்க குடிச்சாரு? அப்பா உன் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சு, "அது என் கப்பு"ன்னு புடுங்கி மடமடன்னு குடிச்சாரு. மூஞ்சிகூட சுளிக்கல.

அக்கா: பழங்கதை போதும். ஓவன்ல வை.

தம்பி: "அஞ்சே நிமிஷத்துல ஈஸியா செய்யலாம்"னு ஒருத்தன் வீடியோ போட்டிருந்தானே... எவ்ளோ நேரம் ஆச்சு பாரு.

அக்கா: அவன் கையில கெடச்சா அவனையும் தேய்ப்பேன்... ம், செவந்துடுச்சு. வெளிய எடு.

தம்பி: கார் சத்தம். வந்துட்டாங்க.

அக்கா: வரட்டும்.

தம்பி: நான் எடுத்துட்டுப் போறேன். முதல் துண்டு அப்பாவுக்காம், சொல்லி வெச்சிருக்காரு.

அக்கா: என்னது? வந்தவங்களுக்குத்தான முதல்ல குடுக்கணும்!

தம்பி: "என் பொண்ணு செஞ்சது, நாந்தான் முதல்ல திம்பேன்"னாரு.

அக்கா: டேய், அவருக்கு பிரஷர் இருக்குடா!

தம்பி: இருந்தா? இது இனிப்புதான?

அக்கா: அந்தத் தட்ட இங்க குடு!

தம்பி: கதவ தொறக்கறாங்க. தட்ட விடுக்கா.

அக்கா: விட மாட்டேன். குப்பையில கொட்டு! இதுல சர்க்கரை இல்லடா... உப்பு. முழுக்க உப்பு. அந்தம்மா முதல் கடியிலயே துப்பிட்டு ஓடணும்னு நாந்தான்...

தம்பி: ஒண்ண எடுத்து கடி.

அக்கா: வெளையாடாத!

தம்பி: கடிச்சுப் பாருன்றேன்ல.

அக்கா: ...இனிக்குதுடா.

தம்பி: காலையிலயே உப்பு டப்பாவ காலி பண்ணி, பொடிச்ச சர்க்கரைய ரொப்பி வெச்சிட்டாரு அப்பா. "அவ கோபம் நியாயந்தான்டா... ஆனா இந்த பிரஷர வெச்சிக்கிட்டு இன்னொரு வாட்டி என்னால முழுங்க முடியாது"ன்னாரு.