ஜன்னல் பக்கத்து வெளிச்சம்

வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று இருந்தால் போதும், பாதிப் படத்தை எடுத்துவிடலாம். அதை ஜன்னலில் கட்டினால் வெயில் பால் மாதிரி உள்ளே வரும். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டால் மறு கன்னம் இருட்டுக்குள் போய்விடும். பெரிய கம்பெனிக்காரர்கள் இதற்கு லாரி நிறையச் சாமான் கொண்டுவருவார்கள். அந்த லாரிகளில் ஆயுள் முழுக்க விளக்குத் தூக்கினவன் நான். பள்ளிக்கூடம் எனக்குச் சரிப்படவில்லை, விளக்கு சரிப்பட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நீங்கள் பார்த்த அந்தப் பதிவில் வெளிச்சம் நான் போட்டது. நன்றாக இருக்கிறது என்று உங்களில் ஒருவர் சொன்னது என் காதிலும் விழுந்தது.

படம் என் மருமகனுடையது. டைரக்டரும் அவர்தான், கேமராவும் அவர்தான். நடிப்பது என் மகள், கதையும் அவள் எழுதியது. புருஷன் வேஷத்துக்கு அவர்கள் சிநேகிதன் ஒருவன், மீசை என்று கூப்பிடுவார்கள். அவர்கள் குடியிருக்கும் மாடி வீடுதான் செட். வசதியில்லாதவர்கள் படம் எடுத்தால் மாமனாரைத்தான் லைட்மேனாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள், போனேன்.

“மாமா, லைட்டு கொஞ்சம் மூஞ்சிக்கு நேரா வரட்டுமே.”

“நேரா வந்தா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கும் மாப்ளே.”

“சரி, உங்க இஷ்டம். சம்பளம் இல்லாத ஆள நான் என்னத்த அதட்டுறது.”

சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். அப்படிப் பேசுகிறவர்களிடம் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

என்ன கதை என்று மகளிடம் கேட்டேன். “குடும்பக் கதைதான்ப்பா,” என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை, பெற்ற பிள்ளையானாலும்.

அவள் ஜன்னலோரம் வந்து நின்றபோது இடது கன்னத்தில் நீலம் தெரிந்தது. கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துக் காது வரை, ஓரத்தில் மஞ்சளாகி. மேக்கப் என்றாள். நேர் வெளிச்சத்தில் எதை வேண்டுமானாலும் மேக்கப் என்று சொல்லிவிடலாம். பக்க வெளிச்சத்தில் முடியாது. வீக்கம் இருந்தால் நிழல் விழும். விழுந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. வலது கைக்காரன் அறைந்தால் சரியாக அந்த இடத்தில்தான் வரும். அவள் அம்மா இருந்தவரை அவளுக்கும் அங்கேதான் வரும்.

மருமகனிடம் கேட்டுவிட்டேன். மனதில் வைத்துப் புழுங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

“என்ன மாப்ளே, பொண்ணு கன்னம் இப்படி இருக்கு?”

“நல்லா வந்திருக்குல்ல மாமா? காலைலேர்ந்து கண்ணாடி முன்னாடி உக்காந்து அவளே போட்டது.”

“வேஷத்துக்கு அடியில என்ன இருக்குன்னு கேட்டேன்.”

“நல்லா கேட்டீங்க. உங்க பொண்ணு என்னை அடிக்காம இருந்தா போதாதா.”

கை நீட்டுகிறவன் இப்படித்தான் சிரித்து மழுப்புவான். எனக்குத் தெரியும்.

அவருடைய லென்ஸ் பழைய ஸ்டில் கேமராவிலிருந்து கழற்றியது. மங்கலான அறையிலும் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் ஃபோகஸ் நூலளவுதான் நிற்கும். மூக்கு தெளிந்தால் காது கலங்கும். ஆள் அசைய அசைய லென்ஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுத்தால் போச்சு. கேமராவை மடித்த துண்டின் மேல் வைத்து, தானும் குப்புறப் படுத்துக்கொண்டு தரையோடு இழுப்பார். தள்ளுவண்டி வாடகை மிச்சம். அப்படிப் படுத்திருப்பவர், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மாட்டார்.

ஒத்திகையில் மீசை கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தான். அப்புறம்தான் கையை ஓங்கினான்.

“அதை ஏன்டா கழட்டுற?” என்றேன்.

“அவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க பெரியவரே. பொறுமையா கழட்டணுமாம். அடிய விட அதுதான் பயமாம்.”

மகள் கம்பளியைச் சரிசெய்வது போல் திரும்பிக்கொண்டாள்.

“இது முடிஞ்சதும் மாடிப்படிக்கு லைட் போடணும் மாமா,” என்றார் மருமகன், கேமராவிலிருந்து தலையைத் தூக்காமல். “அங்கதான் கடைசி சீன்.”

“படியில என்ன?”

“அந்தம்மா விழுறாங்க. தானா விழுந்தாங்களா, தள்ளிவிட்டாங்களான்னு பாக்குறவங்க முடிவு பண்ணட்டும்.”

விளக்கின் திருகை இறுக்கினேன். அது வெறும் கதை. என் மனதில் இருந்ததெல்லாம் மகளின் கன்னம்தான். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

ஷாட் ஆரம்பித்தது. மீசை கடிகாரத்தை வைத்தான், அறைந்தான், மகள் சுவரோரம் போய் விழுந்தாள். நன்றாக நடித்தாள். மருமகன் கேமராவை அவள் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். “இன்னும், இன்னும்,” என்று முணுமுணுத்தார்.

விளக்கு ஸ்டாண்ட் சாயாமலிருக்க, மணல் மூட்டைக்குப் பதிலாக, மருமகன் உடற்பயிற்சி செய்யும் டம்பெல்லை அதன் காலில் வைத்திருந்தேன். அதை எடுத்துப் பின்மண்டையில் அடித்தேன். பெரிய சத்தமில்லை, ஈரத்துணியைக் கல்லில் அறைந்த மாதிரி. முகம் கேமராவில் மோதிப் புருவம் கிழிந்தது. கை மட்டும் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது, பழக்கம். அது நிற்கும்வரை அடித்தேன். மீசை என் தோளைப் பிடித்து இழுத்தான். அவன் முழங்கையிலும் ஒன்று விழுந்தது, எலும்பு வெளியே வந்துவிட்டது என்றீர்கள். அவன் குறுக்கே வந்திருக்க வேண்டாம். எடை இல்லாததால் ஸ்டாண்ட் சாய்ந்து பல்பு வெடித்தது. பதிவில் கடைசிப் பகுதி மங்கலாக இருப்பது அதனால்தான்.

மகள் கத்தவில்லை. தவழ்ந்து வந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், தலை என்று சொல்ல முடிந்ததை. பிறகு கன்னத்தைத் துடைத்துத் துடைத்து உள்ளங்கையை என்னிடம் காட்டினாள். நீலம் கையோடு வந்திருந்தது.

“பாருப்பா, பெயிண்ட். இது என் கன்னம் இல்ல. அம்மா கன்னம். சின்னப் புள்ளையில பாத்து வச்சது.”

துடைத்த இடம் சிவந்திருந்தது. நான் சொன்னது சரிதானே. அவள் கன்னத்தில் ஒரு அடையாளமும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். ஆஸ்பத்திரி ட்யூப்லைட்டில் பார்த்தால் என்ன தெரியும். பக்கவாட்டில் ஒரு விளக்கு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்டீர்கள். கேமரா உருண்டு ஜன்னல் பக்கம் திரும்பியதில், விளிம்பில் இரண்டு கடிகாரங்கள் தெரிகின்றனவே, ஒன்று மீசையுடையது, மற்றது யாருடையது என்று. என்னுடையதுதான். டம்பெல்லை எடுப்பதற்கு முன்னால் கழற்றி வைத்தேன். கண்ணாடி உடைந்துவிடும் என்றுதான், வேறொன்றுமில்லை. அவள் அம்மா படியில் விழுந்த அன்றைக்கும் அது ஜன்னலில்தான் இருந்தது. அன்றைக்கு வந்த உங்கள் ஆட்கள் யாரும் இதைக் கேட்கவில்லை.